ஆற்று நீர் வடியும்போது சரியும் கரை: வெண்ணாற்றுக் கிளை ஒன்றில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் வெண்ணாறு, தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களைக் கடக்கும்போது பல கிளைகளாகப் பிரிந்து செல்கிறது. நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் மட்டும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகிறது. இந்த ஆறுகளுக்கு இரண்டு வேலைகள். குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் பாசன நீரைக் கொண்டுசெல்வது ஒன்று. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வயலில் தேங்கிய நீரைக் கடலுக்கு வடிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலைக்காகத்தான், மழை மிகும் நாள்களில் கல்லணையில் இந்த ஆறுகளுக்கான நீரைக் குறைத்து, மிகுதியைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறார்கள். அப்போது ஆற்றின் நீர்மட்டம் ஓரிரு நாள்களிலேயே வெகுவாக இறங்கிவிடும். டெல்டாவில் வாழ்பவர்கள் ஆறு நிரம்பி வருவதைக் கண்டு அஞ்சுவார்கள். அது இறங்குவதைக் கண்டு ஆறுதல் அடைவார்கள். இங்கே பதிவு செய்யப்படும் நிகழ்வு, அந்த ஆறுதலுக்குரிய நேரத்தில் நடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதத்தில், மேற்சொன்ன கிளைகளில் ஒன்றின் இடது கரையில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் உள்ள சிற்றூர் ஒன்றில் இது நிகழ்ந்தது. தொடர்புடையவர்களின் வேண்டுகோளின்படி ஊரின் பெயரும் அலுவலகத்தின் பெயரும் குறிப்பிடப்படவில்லை. கட்டுமானப் பொறியியல் கற்பிக்கும் நான், அதற்கு முன் பல ஆண்டுகள் மலைப்பாதைகளை ஒட்டிய மண்சரிவுகளையும் பாறைச் சரிவுகளையும் கணினி மாதிரிகளால் ஆராயும் பணியில் இருந்தவன். அந்தப் பழக்கத்தை அறிந்த ஒரு பாசன விவசாயிகள் சங்கத் தலைவர்தான் என்னை அங்கே அழைத்தார்.

கரையின் நிலை இது: ஆற்றுப் படுகையிலிருந்து கரையின் தலை வரை ஏறக்குறைய 4.2 மீட்டர் உயரம். கரைமேல் நான்கு மீட்டர் அகலத்தில் தார்ச்சாலை. நெல் ஏற்றும் லாரிகளும் ஒரு சிற்றுந்தும் அதில் ஓடுகின்றன. ஊர்ப் பக்கச் சரிவின் அடியில் ஒன்பது வீடுகள். வளைவின் வெளிப்புறம் என்பதால் நீரோட்டம் கரையின் அடியை ஆண்டுதோறும் அரித்து, ஒன்றரைக்கு ஒன்று (ஒன்றரை மீட்டர் கிடைத்தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரம்) என்று அமைக்கப்பட்ட ஆற்றுப் பக்கச் சரிவை ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்ற செங்குத்துக்குக் கொண்டுவந்திருந்தது. மண் பெரும்பாலும் களி. இடையிடையே, பழைய வெள்ளங்கள் விட்டுச்சென்ற மெல்லிய மணல் அடுக்குகள். ஜனவரி 28 அன்று மேட்டூர் அணை மூடப்படும் வழக்கமான ஆண்டுகளில், பிப்ரவரி முதல் ஜூன் நடுப்பகுதி வரை இந்த ஆறுகள் வறண்டு கிடக்கும். அந்த வெயிலில் களிமண் சுருங்கி, கையை உள்ளே விடும் அளவுக்கு வெடிக்கும். இந்த வெடிப்புகள் பின்னால் முக்கியமாகின்றன.

முதல் அறிகுறிகள்

அந்த நவம்பரில் ஆறு ஒரு வாரத்துக்கும் மேலாகக் கரை தொட்டு ஓடியது. படுகையிலிருந்து 3.4 மீட்டர் வரை நீர் நின்றது. அந்த நாள்களில் ஊரார் இரவு முழுவதும் கரையில் காவல் இருந்தார்கள். மணல் மூட்டைகளும் சவுக்குக் கட்டைகளும் தயாராக வைக்கப்பட்டிருந்தன. எந்தக் கசிவும் தென்படவில்லை. வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு நிலையால் கனமழை வரும் என்ற முன்னறிவிப்பின்பேரில் மேலே நீர் குறைக்கப்பட்டது. ஒன்றரை நாளில் ஆறு 1.7 மீட்டர் இறங்கியது. காவலும் கலைந்தது.

இரண்டாம் நாள் மாலை, கரையைப் பார்த்துவரும் லஸ்கர்தான் சாலையின் ஆற்றுப் பக்க விளிம்பிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உள்ளே, சாலைக்கு இணையாக ஓடிய ஒரு விரிசலை முதலில் கண்டார். சாலையில் நீளவாட்டில் விரிசல் விழுவது இப்பகுதியில் புதிதன்று. ஆனால் இந்த விரிசலின் ஆற்றுப் பக்க விளிம்பு மறுபக்கத்தைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்ததை அவர் கவனித்தார். ஏறக்குறைய முப்பது மீட்டர் நீளம். இரு முனைகளும் ஆற்றை நோக்கி வளைந்திருந்தன. கரையின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு மணல் அடுக்கிலிருந்து நீர் கசிந்தபடி இருந்தது. தெளிந்த நீர்தான், கலங்கவில்லை. சாலையோர மின்கம்பம் ஒன்று விரிசலுக்கு ஆற்றுப் பக்கத்தில் நின்றது.

நான் அங்கே சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அந்த லஸ்கர் டார்ச் வெளிச்சத்தில் விரிசலைக் காட்டிவிட்டுச் சொன்னதை இங்கே அப்படியே எழுதுவது பொருந்தும்: “தண்ணி நெறைஞ்சு நிக்கும்போது கரை நிக்கும் சார். அது வடியும்போதுதான் உக்காரும். எங்க அப்பா காலத்துலயும் இதே வளைவுல உக்காந்திருக்கு.” இரண்டாவது வாக்கியம் எனக்குப் புதிய தகவல், அலுவலகப் பதிவேட்டில் அது இல்லை. முதல் வாக்கியம், மண்ணியக்கவியல் பாடத்தில் நாங்கள் பல வகுப்புகள் எடுத்து விளக்குவது.

அன்றிரவின் முடிவுகள்

நால்வர் சேர்ந்து முடிவெடுத்தோம்: பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளர், சங்கத் தலைவர், லஸ்கர், நான்.

முதலாவதாக, கரைமேல் எல்லா வண்டிகளும் நிறுத்தப்பட்டன. இரண்டாவதாக, விரிசலுக்கு நேர் கீழே இருந்த நான்கு வீடுகளின் மக்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட்டார்கள். நீர்மட்டம் அப்போது வீட்டு வாசல்களின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டிருந்ததால், கரை அறுந்தாலும் ஊருக்குள் வெள்ளம் வராது என்பதை விளக்கி, எல்லோரையும் கிளப்பும் பதற்றத்தைத் தவிர்த்தோம். மூன்றாவதாக, மின்கம்பத்துக்கான இணைப்பு துண்டிக்கப்பட்டது.

நான்காவது முடிவில்தான் விவாதம் எழுந்தது. ஊர் இளைஞர்கள் அதற்குள் மணல் மூட்டைகளை விரிசல் ஓரமாகக் கரைத் தலையில் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கரை உடைப்பு வரும் நேரத்தில் அது சரியான செயல். ஆறு வழிந்துவிடாமல் கரையை உயர்த்த வேண்டும். ஆனால் இங்கே நிகழ்ந்துகொண்டிருந்தது உடைப்பன்று, சரிவு. சரிவில் மேலே வைக்கும் ஒவ்வொரு மூட்டையும் மண்ணைக் கீழே தள்ளும் பளுவைக் கூட்டுகிறது. அதே மூட்டையைக் கரையின் அடியில் வைத்தால் அது தாங்குபலமாகிறது. அடுக்கிய மூட்டைகளை இறக்கச் சொன்னபோது சிலர் கோபப்பட்டார்கள். உதவிப் பொறியாளர் முதலில் தாமே ஒரு மூட்டையைத் தூக்கி இறக்கினார். பிறகு மற்றவர்களும் இறக்கினார்கள். விரிசலைக் குழைத்த களிமண்ணால் அடைத்து, மழைநீர் உள்ளே இறங்காதபடி தார்ப்பாய் போட்டோம். நீர் நிரம்பிய விரிசல் ஒரு ஆப்பு போல மண்ணைப் பிளந்து தள்ளும் என்பதால் இது சிறிய வேலையன்று.

ஐந்தாவதாக, விரிசலின் இருபுறமும் சவுக்கு முளைகளை இணையாக அடித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஆணி வைத்து, ஆணிகளுக்கிடையே உள்ள தூரத்தை எஃகு நாடாவால் அளக்க ஏற்பாடு செய்தோம். ஓர் இணை வளைவின் முகட்டில், அதாவது ஆறு மிகக் கூர்மையாகத் திரும்பும் இடத்தில்; மற்றொன்று நீரோட்டத் திசையில் அதற்குச் சற்றுக் கீழ்ப்பக்கம். லஸ்கரும் அவருடைய மகனும் மாறி மாறி விடியும் வரை அளந்து ஒரு பள்ளி நோட்டில் எழுதினார்கள்.

மலைச் சரிவுக் கணிப்பிலிருந்து எடுத்துக்கொண்டவை

மலையில் கற்றதைச் சமவெளிக்குக் கொண்டுவரும்போது எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பிரித்தறிய வேண்டும். பாறைச் சரிவில் முதற்கேள்வி பாறையின் வலிமையைப் பற்றியதன்று. அதிலுள்ள பிளவுகளின் திசையும் சாய்வும் எப்படி அமைந்துள்ளன என்பதே. இரண்டு பிளவுகள் வெட்டிக்கொண்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்தால் இடையிலுள்ள பாறை ஆப்பாக நழுவும். உட்பக்கமாகச் சாய்ந்த செங்குத்துப் பிளவுகளாக இருந்தால் பாறை கவிழும். களிக்கரையில் அத்தகைய பிளவு வலையமைப்பு இல்லை; மண் தனக்கேற்ற வளைந்த நழுவு பரப்பைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. எவ்வளவு மழை எவ்வளவு நேரம் பெய்தால் சரிவு வரும் என்று காட்ட, மலைச்சரிவுக்கு ஆய்வாளர் கேய்ன் 1980-இல் வகுத்ததைப் போன்ற மழைச்செறிவு–மழைநேர எல்லைக்கோடுகளும் இங்கே பயன்படா. கரையை நனைத்தது மழையன்று, ஆறு. சரிந்த மண் எவ்வளவு தூரம் பாயும் என்பதைக் கணிக்கும் மாதிரிகளும் தேவையில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மண்ணும் பாறையும் பல கிலோமீட்டர் பாய்ந்து ஊர்களையே அழித்தன; டெல்டாவின் கரைச்சரிவு சில மீட்டரில் நின்றுவிடும். (வயநாட்டின் பெரும்பகுதியில் பெய்யும் மழை கபினி வழியே காவிரியில் சேர்கிறது, அதே நாளில்தான் மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. மலையையும் டெல்டாவையும் ஒரே நீர் இணைக்கிறது என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.)

பொருந்துபவை மூன்று. மண்ணின் துகள்களுக்கிடையே உள்ள நீரின் அழுத்தம் கூடும்போது, துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை குறைந்து, அதனால் உராய்வும் குறைகிறது என்னும், மண்ணியக்கவியலின் முன்னோடி டெர்சாகியின் அடிப்படை விதி மலைக்கும் கரைக்கும் பொது. 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த சரிவுகளிலும் மண்ணின் வலிமையைப் பறித்தது இந்த நீரழுத்தமே.

அடுத்தது, நீர்மட்டம் மாறுவதால் வரும் ஆபத்து. இத்தாலியின் வையோன்ட் அணையில் 1963 அக்டோபர் 9 அன்று ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர் பாறை நீர்த்தேக்கத்துக்குள் சரிந்து, எழுந்த அலை அணையைத் தாண்டிச் சென்று சுமார் 2,000 பேரைக் கொன்றது. சரிவின் வேகத்தைத் தணிப்பதற்காக நீர்மட்டத்தை இறக்கிக்கொண்டிருந்த நாள்களில்தான் அது நிகழ்ந்தது. அச்சரிவுக்கு மெல்லிய களி அடுக்குகள் உட்படப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. ஆயினும் நீர்மட்டத்தை இறக்குவது எப்போதும் பாதுகாப்பான பக்கம் என்ற எண்ணத்துக்கு அது இடம் வைக்கவில்லை. அதே 1963-இல்தான் மார்கன்ஸ்டர்ன், நீர் திடீரென இறங்கும்போது மண்சரிவுகளின் நிலைப்பைக் கணிக்கும் வரைபடங்களை வெளியிட்டார்.

மூன்றாவது, அசைவின் வேகத்திலிருந்து சரியும் நேரத்தை ஊகிக்கும் முறை. சரிவு நெருங்கும்போது விரிசல் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகும். அந்த வேகத்தின் தலைகீழ் மதிப்பை நேரத்துக்கு எதிராக வரைந்தால், புள்ளிகள் பெரும்பாலும் ஒரு நேர்கோட்டில் இறங்கும். கோடு பூச்சியத்தைத் தொடும் இடம் சரியும் நேரத்தைக் காட்டும். ஃபுகுசோனோ 1985-இல் விளக்கிய இந்த முறையைத் திறந்தவெளிச் சுரங்கங்களின் பாறைச் சரிவுகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இதற்கு முளையும் நாடாவும் கடிகாரமும் போதும்.

கரைக்குள் நீர் எப்படிப் புகுந்தது

மறுநாள் காலை, அந்த ஆற்றின் மேற்பகுதியில் ஒரு பாலப் பணிக்காக முன்பு எடுக்கப்பட்ட மண் ஆய்வு அறிக்கையை உதவிப் பொறியாளர் கொண்டுவந்தார். களியின் வலிமையைக் காட்டும் இரண்டு அளவுகள், உராய்வுக் கோணம் 24 பாகை, ஒட்டுவலிமை 7 கிலோபாஸ்கல் என்று அதில் இருந்தன. கரையின் குறுக்குவெட்டை வரைந்து, நழுவும் மண்ணைச் செங்குத்துத் துண்டுகளாகப் பகுத்துக் கணக்கிடும் பிஷப்பின் 1955-ஆம் ஆண்டு முறையை மடிக்கணினியில் இயக்கினோம். தாங்கும் வலிமைக்கும் தள்ளும் விசைக்கும் உள்ள விகிதமே பாதுகாப்புக் காரணி. அது 1க்குக் கீழே போனால் கரை நிற்காது.

ஆறு நிறைந்து நின்ற நிலைக்குக் கிடைத்த மதிப்பு ஏறக்குறைய 1.9. ஆற்று நீரே கரைமுகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்ததால் இந்த உயர்ந்த மதிப்பு. ஆறும் கரையும் முற்றிலும் வறண்ட கோடை நிலைக்கு 1.35. இரண்டும் பாதுகாப்பானவை, ஆனால் விரிசல் எங்கள் காலடியில் இருந்தது. இரு நிலைகளுக்கும் நடுவே, ஆறு இறங்கிக் கரைக்குள் நீர் தங்கிவிட்ட அந்தச் சில நாள்களைத்தான் கணக்கிட வேண்டியிருந்தது.

அதற்கு, நீர் மண்ணுக்குள் எவ்வளவு விரைவில் நகர்கிறது என்பது தெரிய வேண்டும். அறிக்கையின்படி அந்தக் களியில் நீர் ஒரு நாளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே ஊடுருவும். அந்த மதிப்பை வைத்து மாதிரியை இயக்கினால், ஒரு வாரம் ஆறு நிறைந்து நின்றும் கரைமுகத்தின் மேல்தோல் மட்டுமே நனைகிறது. சரிவுக்கு வழியே இல்லை. ஆகவே கரைத்தலையில் விரிசலுக்கு உட்புறமாக ஆகரால் (மண்ணைத் துளைக்கும் கைக்கருவியால்) இரண்டு மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டோம். அதில் குடம் குடமாக நீரூற்றி மட்டம் இறங்கும் நேரத்தைக் குறிக்க முயன்றபோது, மூன்றாவது குடத்தில் நீர் நிற்காமல் ஓடிப்போயிற்று. கீழே படுகை ஓரம் நின்றிருந்த ஒருவர் சத்தம் போட்டார்: கரைமுகத்தில் ஒரு நண்டு வளையிலிருந்து கலங்கிய நீர் வழிந்துகொண்டிருந்தது.

வேறு இடத்தில் இட்ட துளை ஒழுங்காக வேலை செய்தது. அங்கே கிடைத்த ஊடுருவுதிறன், ஆய்வக மதிப்பைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. ஆய்வகத்துக்குப் போவது கைப்பிடி அளவு மண். அதில் கோடை வெடிப்பும் இல்லை, நண்டு வளையும் எலி வளையும் இல்லை, மக்கிப்போன வேர்களின் பாதையும் இல்லை. முழுக்கரை இவை அனைத்தையும் கொண்டது. இந்த மதிப்பைக் கொடுத்தபின் மாதிரி நேரில் கண்டவற்றோடு ஒத்துப்போனது: ஒரு வாரத்தில் கரை உள்ளே வரை நனைகிறது, ஆறு ஒன்றரை நாளில் 1.7 மீட்டர் இறங்கும்போது கரைக்குள் நின்ற நீர் அதே வேகத்தில் இறங்க முடியாமல் பின்தங்குகிறது. பாதுகாப்புக் காரணி 1.05 அளவுக்கு வருகிறது. சரிவு இன்னும் செங்குத்தாக இருந்த வளைவு முகட்டில் அது 1ஐத் தொட்டுவிட்டது.

இறங்கும் வேகம் குறித்த முடிவு

அடுத்து என்ன செய்தால் என்ன ஆகும் என்று மாதிரியைக் கேட்டோம். மீதமிருந்த நீரும் மறுநாளுக்குள் வடிந்துவிட்டால், வளைவின் முழு நீளத்துக்கும் மதிப்பு 0.9 அளவுக்குக் குறைகிறது. நாளொன்றுக்கு 30 சென்டிமீட்டர் வீதம் மட்டும் இறக்கினால், முகடு நீங்கலான பகுதிகளில் அது 1.05க்குக் கீழே போகாமல், கரை வடிய வடிய மெல்ல உயர்கிறது. களி தன்னுள் உள்ள நீரை வெளியேற்றக்கூடிய வேகமும் ஏறத்தாழ அவ்வளவே.

ஆனால் அந்த 30 சென்டிமீட்டர் வேறு சிலரின் வயலிலிருந்து வர வேண்டியிருந்தது. கீழே உள்ள நீரொழுங்கியின் ஷட்டர்களைப் பகுதியளவு இறக்கி நீரை நிறுத்தினால்தான் மட்டம் மெதுவாக இறங்கும். அப்படி நிறுத்தினால், வலது கரையின் தாழ்ந்த வயல்களிலிருந்து வரும் வடிகால்கள் ஆற்றில் விழ முடியாது. நட்டு ஒரு மாதமான சம்பாப் பயிர் அங்கே ஏற்கெனவே முழங்கால் நீரில் நின்றது. கனமழை வேறு வரவிருந்தது. அவ்வயல்களுக்குரியவர்களில் ஒருவர், “ஒங்க கரை நிக்கணும்னு எங்க பயிரு அழுகணுமாய்யா?” என்று சங்கத் தலைவரைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது; எந்த மாதிரியும் அதற்கு விடை தராது.

உதவிப் பொறியாளர் தம் மேலதிகாரியிடம் பேசி எடுத்த முடிவு இது: மூன்று நாள்களுக்கு மட்டும் ஷட்டர்களைக் கொண்டு இறக்கத்தை நாளுக்கு 30 சென்டிமீட்டராகக் கட்டுப்படுத்துவது, அந்த மூன்று நாளும் தாழ்ந்த வயல்களின் நீரை டீசல் எஞ்சின்களால் வேறொரு வடிவாய்க்காலுக்கு இறைப்பது, எஞ்சின் செலவைச் சங்கம் ஏற்பது. என் கருத்தில் இந்த நிகழ்வின் மிகச் சிறந்த முடிவு இதுவே. சரிவைப் பற்றிய கணக்கு எங்களுடையது. அதைச் செயலாக்கும் பொறுப்பை உரியவர்கள் தயங்காமல் ஏற்றார்கள்.

சரிந்த பகுதியும் நின்ற பகுதியும்

லஸ்கரின் நோட்டு அதற்குள் பேசத் தொடங்கியிருந்தது. கீழ்ப்பக்க முளைகள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் நிலையாக இருந்தன. முகட்டு முளைகள் இரவில் மணிக்கு 2 மில்லிமீட்டர் என்று தொடங்கி, விடியலில் 3, நண்பகலில் 5 என்று விரைந்தன. தலைகீழ் மதிப்புகளை வரைபடத் தாளில் குறித்தோம். கோடு அன்று மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையே பூச்சியத்தைத் தொடும் திசையில் இறங்கியது.

காலை முதலே ஊரார் கரையின் அடியில் சவுக்குக் கட்டைகளை அடித்து அதன்பின் மணல் மூட்டைகளை அடுக்கி வந்தார்கள். முகட்டில்தான் அதிகம் பேர் இருந்தார்கள். அங்கேதான் ஆபத்து அதிகம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் பன்னிரண்டு மீட்டரைக் கைவிட்டு, ஆள்களை இருபக்கமும் பிரித்துவிடுமாறு கேட்டுக்கொண்டோம். பாதி வேலையில் நிறுத்துவது அவர்களுக்கு ஒப்பவில்லை. இன்னும் இருநூறு மூட்டை வைத்தால் நின்றுவிடும் என்றார்கள். ஒருவேளை நின்றிருக்கலாம். ஆனால் அந்த இருநூறு மூட்டையை வைப்பவர்கள் நகர்ந்துகொண்டிருக்கும் மண்ணுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். விரைந்துவரும் கோட்டைக் கண்ட பிறகு அதற்கு உடன்பட இயலாது.

நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில் முகட்டில் பன்னிரண்டு மீட்டர் நீளக் கரை, பாதிச் சாலையோடும் மின்கம்பத்தோடும் ஆற்றில் இறங்கியது. கணித்த நேரத்துக்கு இது சற்றுப் பிந்தியது. இம்முறையில் சில மணி நேர வேறுபாடு இயல்பு. எவருக்கும் காயமில்லை. சரிந்த முகத்தின் நடுவே கையளவு தடித்த ஒரு மணல் அடுக்கு, நீர் சொட்டியபடி வெளியே தெரிந்தது. நாங்கள் மாதிரியில் வரைந்த நழுவு பரப்பைவிட உண்மையான பரப்பு தட்டையாக, அந்த மணல் அடுக்கை ஒட்டியே சென்றிருந்தது.

இருபக்கமும் எஞ்சிய கரை நின்றது. நாளுக்கு 30 சென்டிமீட்டர் கட்டுப்பாடு தொடர்ந்த மூன்று நாள்களில் கீழ்ப்பக்க முளைகளின் அசைவு படிப்படியாகக் குறைந்து நின்றுபோயிற்று. சரிந்த இடத்துக்குப் பின்னால் ஊர்ப் பக்கத்தில் வளைவாக ஒரு தற்காலிகக் கரை எழுப்பப்பட்டு, அதன் பிறகே ஆற்றில் மறுபடி நீர் விடப்பட்டது. முன்னறிவித்த கனமழை வந்தது. எஞ்சின்கள் இறைத்தும் தாழ்ந்த வயல்களில் ஒரு பகுதிப் பயிர் அழுகிற்று. நாற்று வாங்கி மறுநடவு செய்தவர்களுக்குச் சங்கம் கொடுத்த தொகை அவர்கள் செலவுக்கு ஈடாகவில்லை.

கோடைப் பணி

அணை மூடிய பின் கரையை மறுபடி கட்டும்போது, ஊராரின் கோரிக்கை முழுக்கரைக்கும் கான்கிரீட் தளம் என்பதாக இருந்தது. அரிப்பைத் தடுக்க அது உதவும். ஆனால் நீர் வெளியேறும் வழியின்றி முகத்தை மூடினால், கரைக்குள் புகுந்த நீர் ஆறு இறங்கும்போது தளத்தின் பின்னால் சிறைப்பட்டு, நிலைமை முன்பைவிட மோசமாகும். எனவே அடிப்பகுதிக்கு மட்டும் கல் பதித்து, அதன்பின் மணலும் ஜல்லியும் கொண்ட வடிகட்டி அடுக்கு இட்டு, நீர் கசிந்து வெளியேற வழிவிடப்பட்டது. சரிவு இரண்டுக்கு ஒன்று என்று தட்டையாக்கப்பட்டது. இதற்காக எதிர்க்கரை ஓரம் படிந்திருந்த மணல் திட்டு வெட்டப்பட்டு ஆறு சற்று நகர்த்தப்பட்டது. மேல்பகுதியில் வெட்டிவேரும் நாணலும் நடப்பட்டன. புதிய குறுக்குவெட்டுக்கு, அதே நனைந்த கரை, அதே விரைவான இறக்கம் என்று வைத்துக் கணக்கிட்டபோது பாதுகாப்புக் காரணி 1.3க்கு மேல் வந்தது. அடுத்து வந்த பருவமழையில் ஆறு நிறைந்து இறங்கியபோது புதிய முளைகளில் அசைவு தென்படவில்லை.

இனி மாற வேண்டியவை

ஷட்டர்களை இயக்குவோருக்குத் தரப்படும் குறிப்புகளில் ஆற்றின் அதிகபட்ச நீர்மட்டம் எழுதப்பட்டிருக்கிறது. எவ்வளவு வேகத்தில் இறக்கலாம் என்பது எழுதப்படவில்லை. வெள்ளநீரை விரைவாக வடிக்க வேண்டிய கட்டாயம் மெய்யானது. அதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் எல்லாக் கரைகளும் ஒரே வேகத்தைத் தாங்குவதில்லை. வளைவின் வெளிப்புறமும் செங்குத்தாக அரிக்கப்பட்ட முகமும் கரையடியில் வீடுகளும் சேர்ந்த இடங்களை மட்டும் கோடையிலேயே பட்டியலிட்டு, அந்த ஆறுகளுக்கு நாளொன்றுக்கான இறக்க எல்லையை முன்கூட்டியே வகுத்துவிடலாம்.

அந்த எல்லையால் தேங்கும் நீர் யாருடைய வயலில் நிற்கும் என்பதையும் அப்போதே கணக்கிட்டு, இறைக்கும் செலவும் இழப்பீடும் எங்கிருந்து வரும் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். மழை கொட்டும் இரவில், கரைமேல் நின்று, பயிரை இழக்கப்போகிறவரிடம் அதைப் பேசுவது யாருக்கும் நன்றன்று.

மாதிரி செய்பவர்களுக்கு இரண்டு. டெல்டாக் கரைக்கு ஆய்வக ஊடுருவுதிறனை மட்டும் நம்பி எந்தக் கணக்கையும் முடிக்கக் கூடாது; ஆகர் துளையும் ஒரு குடம் நீரும் களத்தில் கட்டாயம். அடுத்து, வட்ட வடிவ நழுவு பரப்புகளோடு மணல் அடுக்கை ஒட்டிச் செல்லும் தட்டையான பரப்புகளையும் தேட வேண்டும். மலைப் பாறையில் பிளவுகளை ஒவ்வொன்றாக அளந்து குறிக்கும் நாம், வண்டல் கரையின் மணல் அடுக்குகளை அதே அக்கறையோடு குறிப்பதில்லை.

இப்போது அந்த வளைவின் இரு முனைகளிலும் நீர்மட்ட அளவுகோல்கள் நடப்பட்டுள்ளன. மழைக்காலத்தில் லஸ்கர் காலையும் மாலையும் அவற்றைப் படித்துப் பிரிவு அலுவலகத்துக்குச் சொல்கிறார். அதே கரையில் கீழ்ப்பக்கம் சுமார் நானூறு மீட்டர் நீளத்துக்கு மண் இன்னும் ஆராயப்படவில்லை. வரும் கோடையில், ஆறு வறண்டதும், அங்கே துளையிடும் வேலை தொடங்க இருக்கிறது.